கட்டிவைக்க இயலாத செல்வம்

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு. நம் முன்னோர் தம் உடைமையை மாட்டைக் கொண்டே கணக்கிட்டனர். மாட்டுக்குத் தும்பு உண்டு. ஆட்டுக்குப் பட்டி உண்டு. கோழிக்குக் கூடை உண்டு. மனிதன் வளர்க்கும் உயிர்களுள் தும்பும் பட்டியும் கூடையும் இல்லாத ஒன்று தேனீ. அதன் பெட்டியின் வாயில் இரவும் பகலும் திறந்தே கிடக்கிறது. நேற்று மாலை வரை நம்முடையதாக இருந்த கூட்டம் இன்று முற்பகலில் இரைச்சலோடு எழுந்து, வேலிக்கு அப்பால் உள்ள புளியமரத்தையும் தாண்டிப் போய்விடலாம். இழுத்து வந்து கட்டுவதற்கு அதன் கழுத்தில் கயிறு இல்லை.

இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால் தேனீ வளர்ப்பின் வரலாறு முழுவதும் எளிதில் விளங்கும். 'தேனீ ஏன் போகிறது? அது தங்குவதற்கு நாம் என்ன செய்தல் வேண்டும்?' என்னும் இரு வினாக்களுக்கு மனிதன் தேடிய விடைகளே அவ்வரலாறு. விடை கண்டவர்கள் தேனீயை வற்புறுத்தியவர்கள் அல்லர். அதனைக் கூர்ந்து நோக்கியவர்கள். மாணவர்களாகிய நீங்கள் மன்னர்களின் போர்களையும் ஆண்டுகளையும் படிக்கிறீர்கள். ஒரு சிறு பூச்சியோடு மனிதன் செய்துகொண்ட உடன்படிக்கையின் வரலாறும் படிக்கத்தக்கதே.

தமிழகத்தில் தேன், முதலில் வளர்த்துப் பெற்ற பொருள் அன்று. தேடி எடுத்த பொருள். பாரியின் பறம்பு மலையைப் பாடிய கபிலர், உழவர் உழாமலே அம்மலை தரும் விளைவுகள் நான்கு என்று புறநானூற்றில் எண்ணிக் காட்டுகிறார். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு ஆகிய மூன்றோடு நான்காவதாக நிற்பது தேன். மூவேந்தர் முற்றுகையிட்டாலும் அம்மலை பசியால் பணியாது என்பதற்கு அது சான்றாயிற்று. நீலகிரியின் குறும்பர் முதலிய மலைவாழ் மக்கள் கொடி ஏணியில் தொங்கி மலைத்தேன் எடுக்கும் வழக்கம் அப்பழமையின் தொடர்ச்சியே ஆகும்.

நம் நாட்டுத் தேனீக்களுள் நான்கு வகைகளை நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும். மலைத்தேனீ பாறை விளிம்பிலும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒரே பெரிய அடையைத் திறந்த வெளியில் கட்டும். கொம்புத் தேனீ புதரிலும் வேலியிலும் உள்ளங்கை அளவான ஓர் அடையைக் கட்டும். இவ்விரண்டும் வெளிச்சத்தில் வாழ்வன, பெட்டிக்குள் வாழா. கொடுக்கில்லாத கொசுத்தேனீ சுவர் இடுக்குகளில் வாழ்ந்து மிகச் சிறிதளவே தேன் சேர்க்கும். நான்காவது அடுக்குத் தேனீ. இந்தியத் தேனீ என்று நூல்கள் குறிப்பதும் இதனையே. மரப்பொந்து, கறையான் புற்று, கிணற்றுச் சுவரின் கல்லிடுக்கு ஆகிய இருண்ட இடங்களில் பல அடைகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கிக் கட்டுவது இதன் இயல்பு. இருட்டறையில் வாழ்வதால் பெட்டிக்கு இசைந்த நாட்டுத் தேனீ இதுவே.

முதற்காலத்தில் அடுக்குத் தேனீயை வளர்க்க முயன்றவர்கள் பானையையும் குடைந்த மரத்துண்டையும் அதற்கு வீடாக வைத்தனர். அவற்றில் தேனீ வந்து தங்கியது; தேனும் சேர்ந்தது. ஆயின், தேன் எடுக்கும் நாளில் அடையை அறுத்தே ஆகவேண்டும். தேன் இருக்கும் அடையோடு புழுவும் முட்டையும் உள்ள அடையும் அறுபடும். குஞ்சுகள் அழிந்த வீட்டில் தேனீ எப்படித் தங்கும்? ஐரோப்பியரும் இதில் நம்மைவிட மேம்பட்டவராக இல்லை. அவர்கள் வைக்கோல் கூடைகளில் தேனீ வளர்த்து, தேன் எடுக்கும்போது கந்தகப் புகையால் கூட்டத்தையே கொன்றனர். ஆகவே, வீட்டை இடிக்காமல் விளைவைப் பெறுவது எவ்வாறு என்பதே தேனீ வளர்ப்பின் முதற் சிக்கலாயிற்று.

அச்சிக்கலை அவிழ்க்கத் தொடங்கியவர் கண்பார்வை இழந்த ஒருவர் என்பது வியப்புக்குரியது. சுவிட்சர்லாந்து நாட்டு பிரான்சுவா ஊபர் என்பவர், புத்தகத்தின் ஏடுகளைப் போல் விரித்துப் பார்க்கத்தக்க கூடு ஒன்றைச் செய்து, பியூர்னான் என்னும் உதவியாளரின் கண்களைக் கொண்டு தேனீயின் வாழ்க்கையை ஆராய்ந்தார். அவருடைய நூல் 1792-ல் வெளிவந்தது. பின்னர் அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்டிராத், 1851-ல் ஓர் இடைவெளியின் உண்மையைக் கண்டார். அடைக்கும் சுவருக்கும் இடையே ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு, அதாவது ஏறத்தாழ 9.5 மில்லிமீட்டர் இடம் விட்டால், தேனீ அதனை நடைபாதையாக விட்டுவைக்கிறது. இடம் அதனினும் மிகுந்தால் அங்கே அடை கட்டுகிறது. குறைந்தால் பிசினால் அடைத்துவிடுகிறது. அந்த அளவில் மரச்சட்டங்களைப் பெட்டிக்குள் தொங்கவிட்டால், எச்சட்டத்தையும் வெட்டாமல், உடைக்காமல் வெளியே எடுக்கலாம். பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். 1852-ல் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

இதனைத் தொடர்ந்து இரண்டு துணைக்கருவிகள் தோன்றின. செருமனியில் மேரிங் என்பவர் 1857-ல் மெழுகினால் அடித்தள அச்சுத்தாள் செய்தார். தேனீ அதன்மேல் நேராக அடை கட்டியது. ஆஸ்திரியப் படை அதிகாரியாக இருந்த ருஷ்கா, 1865-ல் அடையைச் சுழற்றித் தேனை மட்டும் வெளியேற்றும் கருவியை அறிமுகப்படுத்தினார். தயிர் கடையும் மத்தினைச் சுழற்றும்போது துளிகள் புறத்தே தெறிப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதே விசைதான் தேனையும் அறைகளிலிருந்து வெளியே தள்ளுகிறது. அடை சிதையாமல் பெட்டிக்குத் திரும்பியது. வீடு இடியாமல் வாடகை பெறும் வழி இவ்வாறு பிறந்தது.

இக்கருவிகள் கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்தன. 1880-களில் வங்காளத்திலும் பஞ்சாபிலும் அரசின் சார்பில் முயற்சிகள் நடைபெற்றன, அவை வேரூன்றவில்லை. மேல்நாட்டுப் பெட்டி மேல்நாட்டுத் தேனீக்காக அளந்து செய்தது. நம் அடுக்குத் தேனீயோ உருவில் சிறியது. கூட்டத்தின் எண்ணிக்கையும் குறைவு. அதற்கேற்ற நடைபாதையும் 7 முதல் 9 மில்லிமீட்டர் அளவே. பெரிய மாளிகையில் குடியேறிய சிறு குடும்பம் எல்லா அறைகளையும் காக்க இயலாமல் தவிப்பதைப் போல, பெரிய பெட்டியில் சிறு கூட்டம் தன் அடைகளைக் காக்க இயலாமல் தவித்தது.

தென்னிந்தியாவில் பணியாற்றிய கிறித்தவத் துறவி நியூட்டன் இதனை உணர்ந்தார். அவர் மேல்நாட்டுப் பெட்டிக்குள் நாட்டுத் தேனீயைத் திணிக்க முயலவில்லை. நாட்டுத் தேனீயை அளந்து, அதற்குப் பெட்டி செய்தார். 1910-ல் அவர் வகுத்த அப்பெட்டி இன்றும் நியூட்டன் பெட்டி என்றே வழங்குகிறது. கீழறையில் 7 சட்டங்கள். அங்கே இராணி முட்டையிடும், புழுக்கள் வளரும். மேலே உயரம் குறைந்த ஓர் அறை. அங்கே தேன் மட்டும் சேரும். மேலறையை எடுத்தால் கீழறையின் குடும்ப வாழ்வு குலையாது. 1911 முதல் 1917 வரை அவர் கிராம மக்களுக்குப் பயிற்சியும் அளித்தார். தச்சர் எவரும் உள்ளூர் மரத்தில் செய்யத்தக்க எளிமை அப்பெட்டிக்கு உண்டு. நம் நாட்டுத் தேனீ வளர்ப்பின் உண்மையான தொடக்கம் அதுவே என்பது என் கருத்து.

பிறகு இத்தொழில் குமரி நாட்டில் செழித்தது. அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில், ஸ்பென்சர் ஹாச் என்பவர் 1920-களில் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் ஊர்ப்புற மறுமலர்ச்சிப் பணியை நடத்தினார். கோழி, நெசவு ஆகியவற்றோடு தேனீயும் ஏழைக் குடும்பத்தின் துணைவருவாய் ஆயிற்று. 1928-ல் அரச வேளாண்மை ஆணைக்குழு இதனைக் குடிசைத் தொழிலாகப் பரிந்துரைத்தது. காந்தியடிகள் 1934-ல் அகில இந்திய கிராமத் தொழிற் சங்கத்தைத் தொடங்கினார். அதன் செயலாளராகப் பணியாற்றிய தஞ்சைத் தமிழர் ஜே. சி. குமரப்பா, நிலைத்த பொருளாதாரம் பற்றி 1945-ல் எழுதிய நூலில், தேனீயைக் கூட்டுவாழ்வுப் பொருளாதாரத்துக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டார். தேனீ பூவிலிருந்து எடுக்கிறது. எடுக்கும்போதே மகரந்தம் சேர்த்துப் பூவைக் காயாக்குகிறது. வாங்குவதும் கொடுப்பதும் ஒரே செயலில் நிகழ்கின்றன. விடுதலைக்குப் பின் கதர் கிராமத் தொழில் ஆணையம் இப்பணியை மேற்கொண்டது; 1962-ல் புனே நகரில் தேனீ ஆராய்ச்சி நிலையமும் தோன்றியது.

பெட்டி கிடைத்துவிட்டது, பயிற்சியும் கிடைத்தது. எனினும், தேனீ ஓடிப்போவது நிற்கவில்லை. ஏன்? இவ்வினாவுக்கு விடை காண உங்களை எங்கள் மூலனூருக்கு அழைத்துச் செல்கிறேன்.

மூலனூர், தாராபுரத்தை அடுத்த வானம் பார்த்த பூமி. கோவை மாவட்டமாகவும் ஈரோடு மாவட்டமாகவும் இருந்து, 2009 முதல் திருப்பூர் மாவட்டமாக உள்ளது. முள்கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கும். பருத்தியும் முருங்கையும் எங்கள் பெயரை வெளியூருக்குச் சொல்பவை. மூலனூர் முருங்கை என்று ஒரு வகையே பெயர் பெற்றுள்ளது. மழை பொய்த்த ஆண்டில் இளைஞர்கள் பனியன் தொழிலை நாடித் திருப்பூருக்குப் பேருந்து ஏறுவர். பிழைப்பு இல்லாத இடத்தில் மனிதனே தங்குவதில்லை எனின், சிறகுள்ள உயிர் எங்ஙனம் தங்கும்?

நான் தலைமையாசிரியராகப் பணியாற்றிய காலத்தில், பள்ளித் தோட்டத்தில் இரண்டு நியூட்டன் பெட்டிகளை வைத்து மாணவர்களைக் கொண்டு பராமரித்தோம். எந்த மாதத்தில் எந்த மரம் பூக்கிறது, அன்று பெட்டி வாயிலில் தேனீயின் நடமாட்டம் மிகுதியா குறைவா என்று அவர்கள் ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தனர். சித்திரையில் வேம்பும், அதனைத் தொடர்ந்து புளியும் பூத்தன. முருங்கை தன் பருவத்தில் வெண்கொத்தாக மலர்ந்தது. கம்பும் சோளமும் மகரந்தம் தந்தன. விறகுக்கு அன்றி வேறெதற்கும் உதவாது என்று நாம் வெறுக்கும் சீமைக் கருவேலமும் தேனீக்கு விருந்து வைத்தது. ஆயின், ஆனி பிறந்ததும் குறிப்பேட்டில் வெற்றிடம் விழுந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று ஆடி முழுவதும் எங்கள் ஊரை உலுக்கும். காற்றாலைகளுக்கு அது பொற்காலம், தேனீக்கோ பஞ்சகாலம். பூவும் இல்லை, இருந்தாலும் பறக்க இயலாது.

இந்தக் குறிப்பேடு ஓர் உண்மையை எங்களுக்கு உணர்த்தியது. தேனீ வெளியேறுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று குடி பிரிதல். மற்றொன்று குடி பெயர்தல். செல்வம் பெருகி இடம் போதாதபோது, பழைய இராணி ஒரு பகுதித் தேனீக்களோடு வெளியேறுவது குடி பிரிதல். வறுமையாலோ துன்பத்தாலோ வீட்டைக் காலி செய்து முழுக்கூட்டமும் போய்விடுவது குடி பெயர்தல். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றே, காரணமோ நேர்மாறானது. நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பது மருத்துவம் ஆகாது அன்றோ?

குடி பிரியும் முன் தேனீ முன்னறிவிப்புத் தருகிறது. அடையின் கீழ்விளிம்பில் நிலக்கடலை போன்ற நீண்ட அறைகள் தொங்கும். அவை புதிய இராணி வளரும் அறைகள். அவற்றைக் கண்டவுடன் வெற்றுச் சட்டங்கள் கொடுத்து இடத்தைப் பெருக்கலாம். அல்லது கூட்டத்தை நாமே இரண்டாகப் பிரித்து இரண்டு பெட்டிகளில் வைக்கலாம். தேனீ செய்ய விரும்புவதைத் தடுக்காமல், அதனை நம் பெட்டிக்குள்ளேயே செய்யவிடுவது இம்முறையின் நுட்பம்.

குடி பெயர்தலுக்குக் காரணங்கள் பல. பசி முதற்காரணம். பஞ்ச மாதங்களில் சர்க்கரையையும் நீரையும் சம அளவு கலந்து காய்ச்சி ஆறவைத்த பாகினை உள்ளே வைத்தல் வேண்டும். மாலையில் வைப்பதே முறை. பகலில் வைத்தால் அயல்கூட்டத் தேனீக்கள் மணமறிந்து திருட வரும். வெப்பம் இரண்டாம் காரணம். பெட்டியை மரநிழலில் வைத்து, உச்சிவேளையில் ஈரச்சாக்கினை மேலே போர்த்தி, அருகில் தண்ணீர் வைத்தோம். எங்கள் ஊரில் மேற்குக் காற்றுக்கு மறைவாகப் பெட்டியின் வாயில் கிழக்கு நோக்கி இருத்தலும் இன்றியமையாதது. எறும்பு மூன்றாம் காரணம். பெட்டியைத் தாங்கும் நான்கு கால்களையும் நீர் நிறைந்த நான்கு கிண்ணங்களில் நிறுத்தினால் அத்தொல்லை தீரும்.

நான்காவதான மெழுகுப்பூச்சியைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறவேண்டும். சாம்பல் நிற அந்துப்பூச்சி இரவில் நுழைந்து இடுக்குகளில் முட்டையிடும். அதன் புழு அடைக்குள் சுரங்கம் வைத்து, நூலாம்படை போன்ற வலையைப் பின்னி, அடையைப் பாழாக்கும். அதனைத் தொடக்கத்தில் பகையாகவே பலர் கருதுவர். உண்மையில் அது ஓர் அடையாளம். வலுவான கூட்டம் அப்புழுவைத் தானே இழுத்து எறிந்துவிடும். தேனீ மூடாத வெற்று அடை இருந்தால்தான் பூச்சிக்கு இடம் கிடைக்கும். எனவே, கூட்டம் மூடி நிற்கும் அளவுக்கு மட்டும் அடைகளை விட்டு, எஞ்சியவற்றை எடுத்துவிடுதல் வேண்டும். அடிப்பலகையை வாரந்தோறும் துடைத்தல் வேண்டும். காவலாளி குறைந்த வீட்டில் கதவு மிகுதியாக இருத்தல் கூடாது.

ஐந்தாவது, இராணியின் இழப்பு. ஓர் அறையில் ஒரு முட்டைக்கு மாறாகப் பல முட்டைகள் தாறுமாறாகக் கிடந்தால், இராணி இறந்து, பணித்தேனீக்களே முட்டையிடுகின்றன என்று அறியலாம். அம்முட்டைகள் கருவுறாதவை, அவற்றிலிருந்து ஆண் தேனீக்களே பிறக்கும் என்பதை 1845-ல் விளக்கியவர் ஜியர்சோன் என்னும் பாதிரியார். உழைப்பவர் இல்லாத அக்குடும்பம் சில வாரங்களில் முடிந்துவிடும். பணித்தேனீயாக வேண்டிய இளம்புழுவையே உணவினால் இராணியாக்க இயலும் என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஷிராக் என்னும் செருமானியர் கண்டறிந்தார். ஆகையால், இராணி போனதை உடனே கண்டுகொண்டால், வேறு பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள ஒரு சட்டத்தை எடுத்து வைத்தால் போதும். தமக்கு வேண்டிய அரசியைத் தேனீக்கள் தாமே ஆக்கிக்கொள்ளும். இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய ஆராய்ச்சி ஒன்று, மூலனூர்த் தோட்டத்தில் ஒரு கூட்டத்தைக் காப்பாற்றுகிறது. அறிவுக்கு எல்லைக்கல் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இவ்வளவும் வளர்ப்பவர் கையில் உள்ளவை. அவர் கையில் இல்லாத ஒரு துன்பம் 1991-ல் தென்னாட்டைத் தாக்கியது. தாய்லாந்தில் 1976-ல் அறியப்பட்ட புழுப்பை நோய், 1978-ல் நம் நாட்டின் வடகிழக்கில் தோன்றி, 1991-92-ல் கேரளம், கருநாடகம், தமிழ்நாடு ஆகியவற்றில் பரவியது. நச்சுயிரால் வரும் இந்நோயில் புழு கூட்டுப்புழுவாக மாறுவதற்கு முன்பே இறந்து, நீர் நிறைந்த பை போலாகும். அதற்கு மருந்து இல்லை. தென்னாட்டின் அடுக்குத் தேனீக் குடும்பங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை அழிந்தன. தேனீயையே நம்பியிருந்த குமரி மாவட்டத்தில் வெற்றுப் பெட்டிகள் குவிந்தன. இரப்பர் மரத்தின் இளந்தளிர்க் காம்பில் சுரக்கும் தேனைச் சேர்ப்பதற்கு, அவ்வாண்டுகளில் தேனீ இல்லை.

அத்துன்பத்துக்கு இருவகை விடைகள் தோன்றின. 1960-களில் இமயமலைச் சாரலில் உள்ள நக்ரோட்டாவில் வெற்றியோடு குடியேற்றப்பட்ட இத்தாலியத் தேனீ, அந்நோய்க்கு ஆட்படாதது. தேனும் மிகுதியாகத் தரும். பலர் அதனைக் கொணர்ந்தனர். அது ஒரு விடை. மற்றொன்று, அழிவில் தப்பிய சில நாட்டுக் குடும்பங்களைத் தேடி எடுத்து, அவற்றிலிருந்தே பெருக்கியது. பத்தில் ஒன்று தப்பியதே, அது ஏன் தப்பியது என்று கேட்டவர்களின் விடை அது. எதிர்ப்பாற்றல் உள்ள குடும்பங்களின் வழித்தோன்றல்கள் மெல்ல மெல்லப் பெட்டிகளை மீண்டும் நிரப்பின.

இங்கே உலக வரலாற்றில் ஒரு செய்தியை ஒப்புநோக்கலாம். வர்ரோவா என்னும் உண்ணி ஆசியத் தேனீயின் பழைய ஒட்டுண்ணி. 1904-ல் சாவகத் தீவில் அது முதன்முதலாக விவரிக்கப்பட்டது. நம் தேனீ அவ்வுண்ணியைத் தன் உடலிலிருந்து நீக்கித் துன்புறுத்தும். உண்ணியும் பெரும்பாலும் ஆண் புழு அறைகளிலேயே பெருகும். ஆதலால் இரண்டும் ஒருவாறு சேர்ந்து வாழ்ந்தன. மேல்நாட்டுத் தேனீயை ஆசியாவுக்குக் கொணர்ந்தபோது, உண்ணி அதன்மேல் தாவி, பணித்தேனீப் புழுக்களிலும் பெருகி, உலகெங்கும் பேரழிவு விளைத்தது. ஒரு தேனீ நோய்க்குத் தப்பியது. மற்றொன்று உண்ணிக்குத் தப்பியது. எனவே, மிகுதியாகத் தரும் ஒன்றைப் பெறுவதற்காக நம்மிடம் உள்ள மற்றொன்றைக் கைவிடுதல் அறிவுடைமை ஆகாது.

இறுதியாக, இன்று நம்முன் நிற்கும் சிக்கலுக்கு வருகிறேன். டி.டி.டி. என்னும் மருந்தின் பூச்சி கொல்லும் ஆற்றலை 1939-ல் கண்ட பவுல் முல்லருக்கு 1948-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதன்பின் வந்த மருந்துகள் பருத்திக் காட்டில் ஆறாய்ப் பாய்ந்தன. காய்ப்புழுவை எதிர்க்கும் பி.டி. பருத்திக்கு 2002-ல் நம் நாட்டில் அனுமதி கிடைத்தது. எண்டோசல்பானை 2011-ல் உச்சநீதிமன்றம் தடுத்தது. எனினும் தெளிப்பு முற்றிலும் நிற்கவில்லை. முருங்கையில் மொக்குப்புழு, கம்பளிப்புழு, காய் ஈ ஆகியவற்றுக்கு அஞ்சி, பூத்து நிற்கும் மரத்திலேயே மருந்தடிப்பவர் உண்டு. முருங்கைப் பூவுக்குத் தேனீயும் கருவண்டும் வந்து சென்றால்தான் காய்ப்பிடிப்பு மிகும். காயைக் காப்பதாக எண்ணி, காய்க்கு வித்திடும் உயிரைக் கொல்வது எவ்வளவு பெரிய முரண்!

மாணவர்களே, ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அடுக்குத் தேனீ சாதாரணமாகத் தன் பெட்டியைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தொலைவு பறந்து உணவு தேடும் என்று கொள்வோம். அந்த ஆரம் உள்ள வட்டத்தின் பரப்பு 3.14 சதுர கிலோமீட்டர். அதாவது ஏறத்தாழ 775 ஏக்கர். ஒருவருக்கு ஐந்து ஏக்கர் என்று வைத்துக்கொண்டாலும், 155 உழவர்களின் நிலம் ஒரு பெட்டித் தேனீயின் மேய்ச்சற்காடு. பெட்டிக்கு உரியவர் ஒருவர். அப்பெட்டி வாழ்வதும் சாவதும் 155 பேர் கையில். எறும்புக்குக் கிண்ணம் வைக்கலாம். பசிக்குப் பாகு வைக்கலாம். நச்சுக்கு எந்தப் பெட்டியும் காப்பாகாது. லாங்ஸ்டிராத்தின் சட்டமும் நியூட்டனின் அளவும் இங்கே போதமாட்டா. இதற்கு வேண்டிய கருவி அண்டை அயலாரின் உடன்பாடு ஒன்றே.

அவ்வுடன்பாடு செயற்கரியது அன்று. பூப்பருவத்தில் மருந்தடிக்காமல் இருத்தல். அடித்தே தீரவேண்டுமானால் தேனீக்கள் வீடு திரும்பிய பின் அந்திக்கு மேல் அடித்தல். தூளாகத் தூவுவதைத் தவிர்த்தல். வேப்பங்கொட்டைக் கரைசலை முதலில் முயன்று பார்த்தல். அடிப்பதற்கு முதல்நாள் பெட்டி வைத்திருப்பவருக்குச் சொல்லி அனுப்புதல். செய்தி கிடைத்தால், அவர் இரவோடு இரவாகப் பெட்டியை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்வார். இவை அனைத்துக்கும் பணச்செலவு மிகச் சிறிதே. ஒருவர் தொழிலை மற்றவர் மதிக்கும் மனமே வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் தேனீயைக் கொல்லும் மூன்று மருந்துகளைத் திறந்தவெளியில் பயன்படுத்துவதை 2018-ல் தடைசெய்தது. சட்டம் அங்கே செய்ததை, ஓர் ஊரின் ஒப்புரவு இங்கே செய்யலாம்.

தேனீ வளர்க்க விரும்பும் மாணவர்கள் முதலில் பெட்டி வாங்கவேண்டா; ஒரு குறிப்பேடு வாங்குங்கள். உங்கள் ஊரில் ஓராண்டு முழுவதும் எந்தப் பூ எப்போது பூக்கிறது, எந்தக் காட்டில் எப்போது மருந்தடிக்கிறார்கள் என்று எழுதுங்கள். ஊபர், லாங்ஸ்டிராத், நியூட்டன் ஆகிய மூவரும் அப்படித்தான் பார்த்துத் தொடங்கினர். ஆண்டின் முடிவில், உங்கள் ஊர் தேனீ தங்கத்தக்க ஊரா என்பதை அக்குறிப்பேடு சொல்லும். தங்கத்தக்க ஊர் அன்று எனின், குறை பெட்டியில் இல்லை, நிலத்தில் உள்ளது. அதனைத் திருத்தும் கடமை, அந்த 155 குடும்பங்களின் பிள்ளைகளாகிய உங்களுடையது. கயிற்றால் கட்ட இயலாத செல்வத்தைக் காக்கும் வழி, அது விரும்பித் தங்கும்படி நம் ஊரை வைத்துக்கொள்வதே ஆகும்.